கூரைக்குள் ஒளிந்திருக்கும் உத்தரம்

மெல்போர்னில் அண்மையில் கட்டிய சில வீடுகளில் படுக்கையறைக் கூரையை அண்ணாந்து பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. வெள்ளை ஜிப்சம் பலகை, ஓரிரு விளக்குகள், அவ்வளவுதான். பலகைக்கு மேலே, கட்டில் போடும் இடத்துக்கு நேராக, ஓர் உத்தரம் கிடக்கிறது. 250 கிலோ எடையை எந்த நேரமும் தாங்கும்படி பொறியாளர் கணக்குப் போட்டு வைத்தது அது. இன்று அதில் எதுவும் தொங்கவில்லை. என்றைக்காவது தொங்கலாம் என்பதற்காக ஓர் அரசு அதற்குப் பணம் தருகிறது.

தொங்கப்போவது ஒரு மனிதர். கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தவராக இருக்கலாம், தசைநார் தேய்வு நோய் முற்றியவராக இருக்கலாம். அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் மாற்ற வேண்டும். கனத்த துணியைத் தூளி போல உடலுக்கு அடியில் சுற்றி, அதன் வார்களை மேலே உள்ள ‘ஹாய்ஸ்ட்’ என்னும் தூக்கும் கருவியில் மாட்டினால் மோட்டார் மெல்லத் தூக்குகிறது. பிறகு கூரையில் பதித்த தண்டவாளத்தில் அந்தத் தூளி வழுக்கிச் செல்கிறது.

உத்தரம் இல்லாத வீட்டில் தரையில் உருளும் ஹாய்ஸ்ட்தான் வழி. கார்பெட் விரித்த தரையில், ஆளோடு சேர்த்து அந்த இரும்புச் சட்டத்தைத் தள்ளித் திருப்புவது முதுகை முறிக்கும் வேலை. பெரும்பாலும் இரண்டு பணியாளர்கள் தேவைப்படுவார்கள். இரண்டாமவர் இரவு எட்டு மணிக்குத்தான் இந்தத் தெருவுக்கு வருகிறார் என்றால், வீட்டுக்காரர் எட்டு மணிக்குத்தான் படுக்கப் போகலாம். கிரிக்கெட் ஆட்டத்தில் இன்னும் ஐந்து ஓவர் மீதம் இருந்தாலும் அதுதான் நேரம். கூரை ஹாய்ஸ்ட் இருந்தால் பல வேளைகளில் ஒரே பணியாளர் போதும். ஒருவர் எப்போது தூங்கலாம் என்பதை ஜிப்சம் பலகைக்கு மேலே கிடக்கும் ஒரு மரத்துண்டோ இரும்புத்துண்டோ முடிவு செய்கிறது!

இதைப் பின்னாளில் பொருத்திக்கொள்ளக் கூடாதா? கட்டடவியல் அவ்வளவு எளிதில் விடாது. இரு முனையும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மூன்று மீட்டர் உத்தரத்தை ஆறு மீட்டராக்கினால் தொய்வு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. தொய்ந்த தண்டவாளத்தில் தூளி தானாக நடுவை நோக்கி உருளும். உள்ளே இருப்பவருக்கு அது என்ன அனுபவமாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். தொய்வைக் குறைக்க உத்தரத்தின் உயரத்தைக் கூட்டலாம்; உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். ஆனால் அந்த உயரத்துக்குக் கூரைக்குள் இடம் வேண்டும். ஆஸ்திரேலிய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டமும் மெல்லிய பலகையும் கொண்டவை. சுவரும் கூரையும் தம் எடைக்கு மேல் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. தண்டவாளம் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் நடுவில் உள்ள வாசலின் மேல்நிலையையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். இவையெல்லாம் வரைபடத் தாளிலேயே முடிவாக வேண்டிய விஷயங்கள். சுவர் எழுந்த பிறகு செய்தால் இடித்துக் கட்டுவதாகிவிடும்.

சாதாரணக் கட்டுநருக்கு இந்த உத்தரத்தைப் போட ஒரு காரணமும் இல்லை. வீட்டை வாங்க வரும் குடும்பம் அதற்குக் காசு தராது. அது யாருக்குத் தேவையோ அவர் அரசு ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். சந்தை தானாக இதைக் கட்டாது என்பதால்தான் அரசுப் பணம் இங்கே வருகிறது. எப்படி வருகிறது என்பதில்தான் சுவாரசியம். அதற்கு முன், அதே நகரில் அரசுப் பணம் ஒரு காலத்தில் எதைக் கட்டியது என்று பார்க்க வேண்டும். அதற்காக ‘கியூ’ என்னும் புறநகருக்குப் போக வேண்டும்.

மெல்போர்னின் யாரா ஆற்றை ஒட்டிய கியூவில் 1887-ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். ‘கியூ காட்டேஜஸ்’ என்று பெயர். அன்றைக்கு அது முற்போக்கான முயற்சி. அதுவரை அந்தக் குழந்தைகள் மனநோய் காப்பகத்தில் பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருந்தார்கள். தனி இடம், சிறு சிறு கட்டடங்கள், பாடம் சொல்லித்தர ஆசிரியர் என்பதெல்லாம் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. பிறகு ஆட்கள் கூடினார்கள், கட்டடங்கள் பழசாயின. குழந்தைகளாக வந்தவர்கள் அங்கேயே கிழவர்களானார்கள். 1953-ல் ‘ஹெரால்ட்’ நாளிதழின் பத்திரிகையாளர் டிப்பிங் அங்கிருந்த நிலைமையை எழுதி, வாசகர்களிடம் நன்கொடை திரட்டினார். அந்தப் பணமும் கட்டடமாகவே ஆனது.

பெரிய கட்டடத்துக்கு ஒரு குணம் உண்டு. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுக்களையைக் கட்டிவிட்டால், நூற்றுக்கணக்கானோர் இருந்தால்தான் அது கட்டுபடியாகும். பத்துப் பேர் வெளியே போனால் மீதிப் பேரின் தலைக்கு ஆகும் செலவு ஏறும். ஆகவே காலியான கட்டில் உடனே நிரப்பப்படும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, குளியல், விளக்கணைப்பு. இதில் யாருடைய கொடுமையும் தேவையில்லை. நீண்ட கூடமும் வரிசைக் கட்டிலும் தாமாகவே அந்த ஒழுங்கைக் கொண்டுவந்துவிடும்.

1996 ஏப்ரலில் கியூ காட்டேஜஸின் ஒரு கட்டடத்தில் இரவில் தீப்பிடித்து ஒன்பது ஆண்கள் இறந்தார்கள். தீ வெப்பத்தில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு அந்தக் கட்டடத்தில் இல்லை. 2001-ல் விக்டோரியா மாநில அரசு அந்த வளாகத்தை மூடப்போவதாக அறிவித்தது, 2008-ல் மூடியது. அங்கிருந்தவர்கள் நகரெங்கும் சிறிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிலர் அதே நிலத்தில் புதிதாக எழுந்த வீடுகளில் தங்கினார்கள். ஸ்வீடன் இதைவிட வேகமாக ஓடியது. 1997-ல் ஒரு சட்டம் போட்டு, இத்தகைய விடுதிகள் அனைத்தும் 1999 இறுதிக்குள் மூடப்பட வேண்டும் என்று நாள் குறித்தது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளியே தேர்ந்தெடுக்கலாம் என்பது 2006-ல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவாகவும் ஆனது.

உரிமை எழுத்தில் வந்தாலும் வீடு வந்துவிடுவதில்லை. விபத்தில் மூளையோ தண்டுவடமோ சேதமான இளைஞர்கள், மருத்துவமனையிலிருந்து போக இடமின்றி முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2018 வாக்கில் ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர் இருந்தார்கள். முப்பது வயதுக்காரர் தொண்ணூறு வயதுக்காரர்களோடு மாலை ஐந்து மணிக்கு இரவு உணவு உண்டார். அங்கே ஹாய்ஸ்டும் அகலக் கதவும் இருந்தன என்பதுதான் அவர் அங்கே இருந்ததற்கான முக்கியக் காரணம்.

இனி பணத்தின் வழி. 2011-ல் உற்பத்தித்திறன் ஆணையம் தந்த அறிக்கையின் பேரில், 2013-ல் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் சட்டமானது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் என்டிஐஎஸ். அதற்குள் வீட்டுக்கென ஒரு தனிக் கிளை 2016-ல் நடைமுறைக்கு வந்தது. எஸ்டிஏ என்று அழைக்கிறார்கள். திட்டத்தில் உள்ளவர்களில் சுமார் 6 சதவீதம், அதாவது 28,000 பேருக்கு இது தேவைப்படும் என்றும், ஆண்டுக்கு 70 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றும் மதிப்பிட்டார்கள்.

அரசு இந்தப் பணத்தில் ஒரு செங்கல்லும் வாங்குவதில்லை. கட்டடத்துக்கு மானியமும் தருவதில்லை. தகுதியுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுதோறும் ஒரு தொகையை எழுதி வைக்கிறது. அவர் எந்த வீட்டில் குடியேறுகிறாரோ அந்த வீட்டின் உரிமையாளருக்கு அந்தத் தொகை போகும். அவர் வேறு வீட்டுக்குப் போனால் பணமும் கூடவே போகும். தனியார் முதலீட்டாளர் நிலம் வாங்கி, உத்தரம் போட்டு, அகலக் கதவு வைத்துக் கட்டும் செலவு ஏறத்தாழ 20 ஆண்டுகளில் லாபத்தோடு திரும்பும்படி விலைப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. குடியிருப்பவரும் வாடகை தருகிறார். அடிப்படை ஓய்வூதியத்தில் 25 சதவீதமும், அரசு தரும் வாடகை உதவித்தொகையும் சேர்ந்தது அது. அவருக்கு உதவ வரும் பணியாளர்களின் சம்பளம் தனிக் கணக்கு. வீட்டுக்காரர் வேறு, உதவியாளர் வேறு என்பது இதன் அடிநாதம். உதவியாளரைப் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம், வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. கியூவில் இந்த இரண்டும் ஒரே கையில் இருந்தன. (ஒரே நிறுவனம் இரண்டையும் நடத்தும் இடங்கள் இப்போதும் உண்டு, அங்கே இந்த அடிநாதம் ஏட்டோடு நின்றுவிடுகிறது.)

பணம் தர வேண்டுமானால் எதற்குத் தருகிறோம் என்று அளந்து சொல்ல வேண்டுமல்லவா? 2019-ல் ஒரு வடிவமைப்புத் தரநூல் வெளியிட்டார்கள். 2021 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். நான்கு வகை வீடுகள் அதில் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் மில்லிமீட்டர்களும் நியூட்டன்களும் நிறைந்த சலிப்பூட்டும் ஆவணம். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உடல் இருப்பது தெரிந்துவிட்டால் கீழே வைக்க மனம் வராது.

சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியத் தரப்படி 14 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர்தான் ஏறலாம். நாற்காலியோடு சேர்த்து 100 கிலோ இருப்பவர் அந்தச் சரிவில் பின்னால் உருளாமல் நிற்கவே சுமார் 7 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கைகளால் தர வேண்டும். எட்டுக்கு ஒன்று என்று சரிவைக் கூட்டினால் அது 12 கிலோவைத் தாண்டும். தோள்மூட்டு நடப்பதற்காக உருவானதல்ல. நாள்தோறும் அதைக் கால்மூட்டாகப் பயன்படுத்துகிறவருக்கு இந்த ஐந்து கிலோ வித்தியாசம் பத்தாண்டு கழித்து வலியாக வந்து நிற்கும். கதவைத் திறக்கும் விசை 20 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு. அந்த நான்கில் ஒன்றான ‘உயர் உடல்சார் உதவி’ வகை வீட்டில் கதவு திறந்தால் 950 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மின் நாற்காலியின் அகலம் மட்டும் அதற்குக் காரணமல்ல. நாற்காலியை முகவாயால் இயக்குபவருக்கு ஓட்டம் கொஞ்சம் கோணினாலும் கதவுநிலையில் கை சிராய்க்கும். தோலில் உணர்ச்சி இல்லாததால் ரத்தம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

பார்வை குறைந்தோருக்கும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கும் வேறு அறிவியல் தேவைப்படுகிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் அழகாக இருக்கலாம். கண் அதைத் தேட வேண்டியிருக்கும். சுவரும் கதவுநிலையும் ஒளியைத் திருப்பும் அளவில் குறைந்தது 30 சதவீத மாறுபாடு இருந்தால்தான் மங்கிய பார்வை வாசலை வாசலாக அறியும். நிறம் மாறினால் போதாது, திருப்பும் ஒளியின் அளவு மாற வேண்டும். சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தும் இரண்டும் ஒரே அளவு ஒளியைத் திருப்பினால் அந்தக் கண்ணுக்கு அவை ஒன்றுதான்.

‘உறுதி’ வகை வீடு இன்னொரு கதை. மனக் கலக்கத்தின் உச்சத்தில் சுவரை இடிப்பவர்கள், கதவை அறைபவர்கள் வாழ்வதற்கானது. அடித்தால் உடையாத சுவர், சிதறாத கண்ணாடி என்பது எளிதில் புரியும். ஆனால் கலக்கத்தை மூட்டுவது பல வேளைகளில் சத்தம்தான். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டித்தால் அதன் வழியே வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். காதுக்கு அது சுமாரான மாற்றம்தான். அதே எடையை இரண்டு மெல்லிய சுவர்களாகப் பிரித்து, நடுவில் காற்றிடைவெளி விட்டுப் பஞ்சு அடைத்தால் பலன் பன்மடங்கு. மூர்க்கமானவர் என்று கோப்பில் எழுதப்பட்ட ஒருவர், பக்கத்து அறைத் தொலைக்காட்சி கேட்காத வீட்டுக்குப் போனதும் அமைதியாவது நடக்கக்கூடியதே. கோப்பை எழுதியவர் சுவரின் குறுக்குவெட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

குளிரூட்டியை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்கு மேற்பகுதியில் தண்டுவடம் முறிந்தவருக்கு வியர்வைக் கட்டளை கீழே போய்ச் சேர்வதில்லை. மூளை ‘வியர்த்துக்கொள்’ என்கிறது. கம்பி அறுந்துவிட்டதால் உடலின் பெரும்பகுதிக்கு அது கேட்பதில்லை. தோலின் ரத்தக் குழாய்களும் விரிய மாட்டா. மெல்போர்ன் கோடையில் 40 டிகிரி தாண்டும் நாளில் அறையோடு சேர்ந்து அவர் உடலும் சூடேறும். அவருக்குக் குளிரூட்டிதான் வியர்வைச் சுரப்பி. ஆகவே மின்சாரமும் கட்டடத்தின் பகுதியாகிறது. உயர் உடல்சார் உதவி வகை வீட்டில் மின்தடை ஏற்பட்டால் படுக்கையறை சாக்கெட்டுகளுக்கும் தானியங்கிக் கதவுகளுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் மாற்று மின்சாரம் வர வேண்டும் என்கிறது தரநூல். செயற்கைச் சுவாசக் கருவி, காற்று மெத்தை எல்லாம் அந்த சாக்கெட்டில்தான் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 13 அன்று விக்டோரியாவில் அடித்த புயலில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில இடங்களில் மின்சாரம் வரப் பல நாள் ஆனது. இரண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் வரப் போதும், புயல் ஓயக் காத்திருக்கப் போதாது. என் கணக்கில் இந்த எண் கஞ்சத்தனமானது.

கட்டடத்தின் அமைப்பு இரவுப் பணியாளரின் வேலையையும் மாற்றுகிறது. முதியோர் இல்லங்களில் சிக்கிய இளைஞர்களுக்காக வாதாடிவரும் சம்மர் ஃபவுண்டேஷன் பரப்பிய ஒரு முறை இருக்கிறது. சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பில், மற்றக் குடும்பங்களுக்கு நடுவே, பத்து வீடுகளைச் சிதறலாக ஒதுக்குவார்கள்; பதினோராவது வீடு பணியாளருக்கு. ஒரு கணக்குக்காக, ஒவ்வொருவரும் இரவில் இருமுறை அழைப்பதாகவும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் இருந்தால் எட்டு மணி நேரத்தில் பணியாளருக்கு 20 நிமிட வேலை. மீதி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்துப் பேர் இருந்தால் 200 நிமிடம். ஒரே சம்பளத்தில் பத்துத் தனிக் கதவுகள், பத்துத் தனிச் சாவிகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் யாரோடும் அடுக்களையைப் பகிர வேண்டியதில்லை. கியூ காட்டேஜஸ் காலத்தில் ‘சிக்கனத்துக்கு ஒரே கூரை வேண்டும்’ என்றார்கள். சிக்கனத்துக்கு நடந்துபோகும் தூரம் போதும்.

இவ்வளவு நுணுக்கமாக அளந்த திட்டம் ஓரிடத்தில் சறுக்கியது. அது நிலம். சரிவு வேண்டாம் என்றால் தட்டையான மனை வேண்டும். அகலக் கதவுக்கும் நாற்காலி திரும்பவும் பரப்பளவு வேண்டும். மலிவான தட்டை நிலம் நகரின் விளிம்பில்தான் கிடைக்கும். இடத்துக்கேற்ப விலையைக் கூட்டிக்குறைக்கும் ஏற்பாடு பட்டியலில் இருந்தும், அதிக வருமானம் என்று விளம்பரம் செய்த இடைத்தரகர்களின் பேச்சில் சிறு முதலீட்டாளர்கள் புறநகர்களில் கட்டித் தள்ளினார்கள். அதிகத் தொகை கிடைக்கும் வகை எதுவோ அதையே கட்டினார்கள். ரயில் நிலையமும் நண்பர்களும் இல்லாத இடத்துக்கு யார் போவார்? சில வட்டாரங்களில் முழுத் தரத்தோடு கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்க, வேறு வட்டாரங்களில் வீடு கிடைக்காமல் ஆட்கள் மருத்துவமனையிலேயே நாள் கடத்தினார்கள். 2025 தொடக்கத்துக்குள் 65 வயதுக்குக் குறைந்த எவரும் முதியோர் இல்லத்தில் இருக்கக் கூடாது என்ற அரசின் இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. இருந்தாலும் அங்கே இருப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஆட்கள் அந்த வீடுகளுக்குப் போக மறுத்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. கியூவில் காலிக் கட்டிலை நிரப்ப ஆளைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஆள் வரவில்லை, கட்டியவர் நஷ்டப்பட்டார். பணத்தை ஆளின் பெயரில் எழுதியதன் பலன் இது.

எஸ்டிஏ வீடுகள் மொத்த வீடுகளில் ஒரு துளி. மீதி வீடுகளுக்கு 2022 தேசியக் கட்டட விதியில் சிறிதாக ஒரு மாற்றம் வந்தது. புதிய வீட்டுக்குள் படியேறாமல் நுழைய ஒரு வழி, தலைவாசலில் 820 மில்லிமீட்டர் இடைவெளி, தடுப்பு மேடை இல்லாத குளியலிடம், கழிப்பறைச் சுவருக்குள் ஒரு வலுவூட்டல். கைப்பிடிக் கம்பி மாட்டும் நாள் வந்தால் திருகாணி பிடிக்க ஓட்டின் பின்னால் ஒரு பலகை இருக்கும். தடுமாறி விழப்போகும் ஆள் பற்றும்போது 1,100 நியூட்டன் வரை அந்தக் கம்பி தாங்க வேண்டும். வெறும் ஜிப்சம் பலகையில் மாட்டினால் ஓட்டோடு பெயர்ந்து வரும். அரசுக்கு இதில் ஒரு டாலர் செலவில்லை. ஆனாலும் எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் கட்டுமானச் செலவைக் காட்டி ஒதுங்கிக்கொண்டது. மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலம் அது.

இப்போது எஸ்டிஏவுக்குள்ளேயே ஒரு சர்ச்சை எழுந்திருக்கிறது. பெரிய விடுதிகளுக்கு மாற்றாக வந்த, நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் குழு இல்லங்களைப் பற்றியது. 2019-ல் அமைந்த மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை பற்றிய ராயல் கமிஷன் 2023 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்தது. யாரோடு வாழ்கிறோம் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்காத நான்கு பேரை ஒரு கூரையின் கீழ் வைப்பது சிறிய அளவில் பழைய விடுதியே என்பது அங்கே ஒலித்த வாதம். குழு இல்லங்களை 15 ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று ஆணையர்கள் சிலர் பரிந்துரைத்தார்கள். அங்கேயே இருக்க விரும்புகிறோம் என்று சொல்லும் குடியிருப்பாளர்களும் குடும்பங்களும் உண்டு. 2023-லிருந்து 15 ஆண்டு என்றால் 2038. 2023-ல் கட்டி முடித்த ஒரு குழு இல்லத்தின் 20 ஆண்டு முதலீட்டுக் கணக்கு 2043-ல்தான் முடிகிறது. நடுவில் உள்ள ஐந்து ஆண்டுகளுக்கு அந்த உத்தரத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதை விலைப் பட்டியல் போடுபவர்கள் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.